பதினான்கு முறை ‘குற்றவாளி’… பிறகு ஐந்து மாதம்!

2011 மே 11, புதன்கிழமை. மன்ஹாட்டனின் தென்கோடியில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம். பன்னிரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்த ஜூரிகள் வந்து அமர்ந்துவிட்டார்கள். குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: ‘குற்றவாளி.’ எண்ணிப் பதினான்கு முறை அதே சொல். எதிரே உட்கார்ந்திருப்பவர் ராஜ் ராஜரத்தினம். கொழும்பில் பிறந்த தமிழர். வால் ஸ்ட்ரீட்டில் ‘கேலியன்’ என்ற பெயரைச் சொன்னாலே திரும்பிப் பார்க்கும் காலத்தில் அந்த நிறுவனத்தின் முதலாளி.

அரசு வழக்கறிஞர்கள் எழுந்தார்கள். கையில் கோடிகள் இருக்கின்றன, வெளிநாட்டில் வேர் இருக்கிறது, தப்பிவிடுவார், இப்போதே காவலில் எடுக்க வேண்டும் என்றார்கள். நீதிபதி ரிச்சர்ட் ஹால்வெல் ஒப்புக்கொள்ளவில்லை. கணுக்காலில் கண்காணிப்புக் கருவியை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம் என்று உத்தரவிட்டார். பதினான்கு குற்றங்கள் நிரூபிக்கப்பட்ட மனிதர் அன்றிரவு படுத்தது தன் சொந்த வீட்டில்தான்.

தண்டனை அறிவிக்கப்பட்ட நாள் அக்டோபர் 13. இடையில் ஐந்து மாதம்.

நம் ஊர்க் கோர்ட்டுச் செய்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். இங்கே குற்றவாளி என்று அறிவித்த அன்றோ, ஓரிரு நாள் தள்ளியோ தண்டனையும் வந்துவிடும். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தில் இவை இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். முதல் கட்டத்தில் வாதமும் சாட்சியும் ஜூரியும் இருக்கிறார்கள், பத்திரிகைகளும் கூடியிருக்கின்றன. இரண்டாவது கட்டத்தில் இருப்பது பெரும்பாலும் காகிதம். ஆனால், ஒருவர் இரண்டு ஆண்டில் வெளியே வருவாரா இருபது ஆண்டு உள்ளே இருப்பாரா என்பது முடிவாகும் இடம் அந்தக் காகிதக் குவியல்தான். அமெரிக்காவில் யாராவது சிக்கும்போதெல்லாம் ‘அதிகபட்சம் இத்தனை ஆண்டு சிறை’ என்று தலைப்புப் போடும் செய்திகள் தொடாமல் விடும் பகுதியும் இதுவே.

ஒரு ஃபோன் கால், சில நிமிடங்கள்

கதைச் சுருக்கம் இதுதான். 1957இல் பிறந்த ராஜரத்தினம் இங்கிலாந்தில் பொறியியல் படித்து, அமெரிக்காவின் வார்ட்டனில் எம்.பி.ஏ. முடித்தார். 1997இல் கேலியன் என்ற ஹெட்ஜ் ஃபண்டைத் தொடங்கினார். உச்சத்தில் அது கையாண்ட பணம் சுமார் 700 கோடி டாலர். 2009 அக்டோபர் 16 அதிகாலையில் எஃப்.பி.ஐ. அவரைக் கைது செய்தது. 10 கோடி டாலர் பிணையில் ஜாமீன் கிடைத்தது.

நிறுவனங்களுக்குள் இருப்பவர்களிடமிருந்து ரகசியத் தகவல் வாங்கி, அது வெளியே வரும் முன் பங்குகளை வாங்கி விற்றார் என்பது குற்றச்சாட்டு. மாஃபியாவையும் போதைக் கும்பல்களையும் பிடிக்கப் பயன்பட்ட தொலைபேசி ஒட்டுக்கேட்பை, உள்தகவல் வர்த்தக வழக்கில் இவ்வளவு விரிவாகப் பயன்படுத்தியது அதுவே முதல் முறை. ஜூரிகள் ராஜின் குரலையே கேட்டார்கள். 2008 செப்டம்பர் 23 அன்று கோல்ட்மேன் சாக்ஸில் வாரன் பஃபெட் 500 கோடி டாலர் போடுவதை ஏற்பதென்று அதன் இயக்குநர் குழு தொலைபேசியில் கூடி முடிவெடுத்தது. கூட்டம் முடிந்த கையோடு, குழு உறுப்பினரும் மெக்கின்ஸியின் முன்னாள் தலைவருமான ரஜத் குப்தாவிடமிருந்து ராஜுக்கு அழைப்பு போனது. சந்தை மூட இருந்ததோ சில நிமிடங்கள். அதற்குள் கேலியன் கோல்ட்மேன் பங்குகளை வாங்கிவிட்டது.

ஜூரி நம்பியது. அதற்கு மேல் என்ன நடக்கும்?

ஜூரிக்கு மேலே ஒருவர்

தீர்ப்பு வந்த 14 நாளுக்குள் தோற்ற தரப்பு மனுப் போடலாம். நேரம் போதாதென்றால் நீதிபதியிடம் நீட்டிப்புக் கேட்கலாம். இந்த மனுக்களில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று, ஃபெடரல் குற்றவியல் நடைமுறையின் 29ஆவது விதியின் கீழ் விடுதலை கேட்கும் மனு. ‘சாட்சியம் போதாது, அறிவுள்ள எந்த ஜூரியும் இதை வைத்துக் குற்றவாளி என்று சொல்ல முடியாது’ என்பது அதன் சாரம். கேட்க எளிது, ஜெயிப்பது மிகக் கடினம். நீதிபதி எல்லாச் சாட்சியத்தையும் அரசுக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும். யார் சொன்னது நம்பத்தக்கது என்று தராசு பிடிக்கும் வேலை அவருடையதல்ல. ராஜரத்தினத்தின் வழக்கறிஞர் ஜான் டவ்டும் இந்த மனுவைப் போட்டார். (பின்னாளில் டிரம்புக்காக வாதாடிய அதே டவ்ட்தான்.) கேலியன் பயன்படுத்திய தகவல்கள் ஏற்கெனவே பத்திரிகைகளிலும் ஆய்வறிக்கைகளிலும் புழங்கியவை என்பதுதான் விசாரணை முழுக்க அவர் தரப்பு வாதம். ஆகஸ்டில் ஹால்வெல் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

இதே 29ஆவது விதி அதே குடும்பத்தில் இன்னொருவருக்குக் கை கொடுத்தது. ராஜின் தம்பி ரெங்கன் ராஜரத்தினம் 2014 கோடையில் அதே நீதிமன்றத்தில் நின்றார். அரசுத் தரப்பு தன் சாட்சிகளை முடித்ததும், நீதிபதி நவோமி ரீஸ் பக்வால்ட் மூன்று குற்றச்சாட்டுகளில் இரண்டை ஜூரியிடம் போகவே விடவில்லை. போதிய சாட்சியம் இல்லை என்று நடுவழியிலேயே நீக்கிவிட்டார். மிஞ்சிய ஒரு சதிக் குற்றச்சாட்டிலும் ஜூலை 8ஆம் தேதி ஜூரி சில மணி நேரத்தில் அவரை விடுவித்தது. உள்தகவல் வழக்குகளில் வரிசையாக வென்றுவந்த அரசு வழக்கறிஞர் ப்ரீத் பராராவின் அலுவலகத்துக்கு ஜூரியிடம் கிடைத்த முதல் தோல்வி அது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. ஜூரி முடிவு சொல்லும் முன்பே நீதிபதி விடுவித்தால் அரசு மேல்முறையீடு செய்ய முடியாது. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இருமுறை விசாரிக்கக் கூடாது என்ற அரசியல் சட்டத் தடை குறுக்கே நிற்கும். ஜூரி ‘குற்றவாளி’ என்று சொன்ன பிறகு நீதிபதி அதை ரத்து செய்தால் கதை வேறு. அரசு மேலே போகலாம். வென்றால் ஜூரியின் தீர்ப்புக்கு உயிர் வந்துவிடும், புது விசாரணை தேவையில்லை. அதனால் பல நீதிபதிகள் நடுவழியில் எதையும் சொல்லாமல், ‘பிறகு பார்க்கலாம்’ என்று மனுவை நிறுத்திவைப்பார்கள். விதியே அதற்கு இடம் தருகிறது. ரெங்கன் வழக்கில் பக்வால்ட் காத்திருக்காமல் முடிவெடுத்தது அரசுக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்பது இதை வைத்துப் பார்த்தால் புரியும்.

இரண்டாவது, 33ஆவது விதியின் கீழ் மறுவிசாரணை கேட்கும் மனு. ‘நீதியின் நலன்’ கோரினால் நீதிபதி புது விசாரணைக்கு உத்தரவிடலாம். இங்கே அவர் சாட்சியத்தின் எடையையும் பார்க்கலாம். ராஜரத்தினம் குற்றவாளி ஆன அதே 2011 மே மாதத்தில், அதே ஃபெடரல் நீதிமன்றத்தில், வரி ஏய்ப்புத் திட்டங்கள் விற்ற வழக்கறிஞர் பால் டாகர்டஸும் குற்றவாளி ஆனார். பிறகுதான் வெளிப்பட்டது, ஜூரியில் இருந்த ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய் என்று. தொழில் செய்வதிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்ட வழக்கறிஞர் என்பதையே அவர் மறைத்திருந்தார். 2012இல் நீதிபதி வில்லியம் பாலி அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். 2013இல் புது ஜூரியும் டாகர்டஸைக் குற்றவாளி என்றது. கிடைத்தது 15 ஆண்டு சிறை. மறுவிசாரணை என்றால் விடுதலை என்று பொருளில்லை.

┌─────────────
பெட்டிச் செய்தி: காலக்கெடு

• விடுதலை மனு (விதி 29), மறுவிசாரணை மனு (விதி 33): தீர்ப்பிலிருந்து 14 நாள்.
• புதிதாகக் கிடைத்த சாட்சியத்தை வைத்து மறுவிசாரணை கேட்க: 3 ஆண்டு வரை.
• தண்டனைக்கு முந்தைய அறிக்கை இரு தரப்புக்கும் வர வேண்டியது: தண்டனை நாளுக்குக் குறைந்தது 35 நாள் முன்பு.
• அறிக்கைக்கு ஆட்சேபம் எழுத: 14 நாள்.
• தண்டனையில் உள்ள வெளிப்படையான கணக்குப் பிழையை நீதிபதியே திருத்த: 14 நாள்.
• மேல்முறையீட்டு அறிவிப்பு: தீர்ப்பாணை பதிவானதிலிருந்து 14 நாள்.
└─────────────

யாரும் பார்க்காத அறிக்கை

மனுக்கள் ஒரு பக்கம் ஓடும்போதே, நீதிமன்றத்தின் நன்னடத்தை அதிகாரி ஒருவர் வேலையைத் தொடங்கிவிடுவார். அவர் போலீஸும் இல்லை, அரசு வழக்கறிஞரும் இல்லை, நீதிமன்றத்தின் ஊழியர். வழக்கறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குற்றவாளியை நேர்காணல் செய்வார். பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு, நோய்கள், மருந்துகள், வங்கிக் கணக்கு, கடன், குடிப்பழக்கம் என்று ஒன்று விடாமல் விசாரிப்பார். குற்றம் எப்படி நடந்தது என்பதற்கு அரசிடம் விவரம் வாங்குவார். எல்லாம் சேர்ந்து, பத்திகளுக்கு எண் போட்ட ஓர் அறிக்கையாக வரும்.

பத்திகளுக்கு எண் போடுவதில் காரணம் இருக்கிறது. இரு தரப்பும் ‘இந்த எண் பத்தியில் உள்ள தொகை தவறு’, ‘அந்த எண் பத்தியில் என் கட்சிக்காரரைத் தலைவர் என்று எழுதியது தவறு’ என்று வரிக்கு வரி சண்டை போடுவார்கள். ஒரு வார்த்தைக்கு விலை சில ஆண்டுகள். அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வராது. ஆனால், தண்டனைக்குப் பிறகும் அது குற்றவாளியின் கூடவே சிறைக்குப் போகும். எந்தச் சிறை, எந்த அளவு பாதுகாப்பு, என்ன சிகிச்சை என்பதைச் சிறைத்துறை அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. அனுபவமுள்ள எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் ஜூரியிடம் பேசிய இறுதி வாதத்துக்குச் சமமாக இந்த ஆட்சேபக் கடிதத்துக்கும் உழைப்பது அதனால்தான்.

38 புள்ளி எப்படி வந்தது?

இனி கணக்குப் பாடம். 1984இல் வந்த தண்டனைச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, தண்டனை வழிகாட்டி நெறிகள் 1987 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன், ஒரே குற்றத்துக்கு ஒரு நீதிபதி ஓராண்டும் இன்னொருவர் பத்தாண்டும் கொடுக்கும் நிலை இருந்தது. அதை ஒழிக்க ஓர் அட்டவணை போட்டார்கள். மேலிருந்து கீழாகக் குற்றத்தின் கடுமைக்கு 43 படி, இடமிருந்து வலமாகப் பழைய குற்றப் பதிவுக்கு ஆறு வகை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எத்தனை மாதம் என்று இருக்கும்.

ராஜரத்தினத்தின் கணக்கைப் பாருங்கள். உள்தகவல் வர்த்தகத்துக்கு அடிப்படை 8 புள்ளி. சட்டவிரோத லாபம் 5 கோடி டாலரைத் தாண்டினால், அன்றைய அட்டவணைப்படி 24 புள்ளி கூடுதல். இதற்கே 32 ஆகிவிட்டது. குற்றக் குழுவில் வகித்த இடம் போன்றவற்றுக்கு மேலும் புள்ளிகள் சேர்ந்து அரசுத் தரப்பு போய் நின்ற இடம் 38. முன்குற்றம் எதுவும் இல்லாதவருக்கு 38ஆம் படியில் இருப்பது 235 முதல் 293 மாதம். அதாவது ஏறத்தாழ பத்தொன்பதரை ஆண்டு முதல் இருபத்து நாலரை ஆண்டு.

குற்றத்தின் தன்மைக்கு 8, பணத்தின் அளவுக்கு 24. கொலைகாரர்களுக்கு எழுதப்பட வேண்டிய எண்கள் வெள்ளைக் காலர் வழக்குகளில் முளைப்பது இப்படித்தான். ஆகவேதான் ‘லாபம் எவ்வளவு?’ என்ற ஒற்றைக் கேள்வியில் இத்தனை பொருளாதார நிபுணர்கள் இறங்குகிறார்கள். பங்கை விற்ற நாள் வரை கிடைத்த முழு லாபமா, ரகசியம் வெளியான அன்று ஏறிய விலை மட்டுமா? ஃபண்டில் பணம் போட்ட முதலீட்டாளர்களுக்குப் போன லாபத்தையும் மேலாளர் தலையில் கட்டலாமா? ஒரு பதில் இருபது ஆண்டு, இன்னொரு பதில் ஏழு ஆண்டு.

அதைவிடக் கவலை தரும் ஒன்று உண்டு. ஜூரியிடம் ஒரு குற்றத்தை ‘ஐயத்துக்கு இடமின்றி’ நிரூபிக்க வேண்டும். தண்டனைக் கட்டத்தில் அந்த அளவுகோல் கிடையாது. ‘இல்லை என்பதைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். 1997இல் வாட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. ஜூரி விடுவித்த குற்றச்சாட்டின் நடத்தையைக்கூட நீதிபதி தண்டனைக் கணக்கில் சேர்க்கலாம் என்றது. ஜூரி ‘செய்யவில்லை’ என்ற காரியத்துக்கே சிறை கூடலாம் என்பதைப் பல நீதிபதிகளே வெளிப்படையாகக் கண்டித்து வந்தார்கள். கடைசியில் 2024 நவம்பர் 1 முதல், ஃபெடரல் நீதிமன்றம் விடுவித்த நடத்தையை வழிகாட்டி நெறிக் கணக்கிலிருந்து விலக்கித் திருத்தம் வந்தது. 27 ஆண்டு ஆயிற்று.

நல்லவேளையாக அட்டவணை இப்போது கட்டளை இல்லை. 2005இல் புக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஆலோசனை என்ற நிலைக்கு இறக்கியது. நீதிபதி முதலில் கணக்கைச் சரியாகப் போட்டாக வேண்டும். தவறாகப் போட்டால் மேல்முறையீட்டில் தண்டனையே விழும். போட்ட பிறகு, சட்டம் சொல்லும் மற்ற காரணங்களைப் பார்த்துக் கீழே இறங்கலாம், மேலே ஏறலாம். போதுமான தண்டனையாக இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது என்பதே சட்டத்தின் வரம்பு.

அக்டோபர் 13

தண்டனை நாளுக்கென்று ஒரு சடங்கு ஒழுங்கு இருக்கிறது. அறிக்கையை வழக்கறிஞருடன் உட்கார்ந்து படித்தீர்களா என்று நீதிபதி முதலில் கேட்பார். தீராத ஆட்சேபங்களுக்கு முடிவு சொல்வார். புள்ளிக் கணக்கை உரக்க அறிவிப்பார். பிறகு இரு தரப்பு வாதம். பாதிக்கப்பட்டவர்கள் இருந்தால் அவர்களுக்கும் பேச உரிமை உண்டு. கடைசியில் குற்றவாளியை நேராகப் பார்த்து, ‘நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று கேட்டே ஆக வேண்டும். கேட்க மறந்தால் அதுவே மேல்முறையீட்டுக்குக் காரணமாகிவிடும்.

ராஜரத்தினம் எதுவும் சொல்லவில்லை.

பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. மேல்முறையீடு பாக்கி இருக்கும்போது ‘தவறு செய்துவிட்டேன்’ என்று சொன்னால், அந்த வாக்குமூலம் மறுவிசாரணையில் கழுத்தைப் பிடிக்கும். சொல்லாவிட்டால் ‘வருத்தமே இல்லாதவர்’ என்ற பெயர். விசாரணைக்குப் போய்த் தோற்ற ஒவ்வொருவரும் அந்த நிமிடத்தில் சிக்கும் பொறி இது.

ஹால்வெல் கொடுத்தது 11 ஆண்டு. 1 கோடி டாலர் அபராதம். 5.38 கோடி டாலர் பறிமுதல். கூடவே, ஒவ்வொரு பெருங்குற்றத்துக்கும் சட்டப்படி கட்டாயமாக 100 டாலர் வீதம் 1,400 டாலர். கோடிகளுக்குப் பக்கத்தில் இந்தச் சில்லறையும் தீர்ப்பாணையில் தவறாமல் ஏறும். உள்தகவல் வர்த்தகத்துக்காக அதுவரை யாருக்கும் அவ்வளவு நீண்ட சிறை கிடைத்ததில்லை. ஆனாலும், அது அரசு கேட்ட வரம்பின் அடிமட்டத்துக்கும் எட்டரை ஆண்டு குறைவு.

ஏன் குறைத்தார்? நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் செயலிழக்கும் நிலையில் ராஜ் இருந்ததை ஹால்வெல் கணக்கில் எடுத்தார். இலங்கைச் சுனாமி, பாகிஸ்தான் பூகம்பம், நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர் செய்த உதவியைக் குறிப்பிட்டார். அதே மூச்சில், இந்தக் குற்றம் தொழிலுலகத்தில் புகுந்த வைரஸ், ஒழிக்கப்பட வேண்டியது என்றும் கண்டித்தார். மருத்துவ வசதியுள்ள வட கரோலினாவின் பட்னர் சிறையைப் பரிந்துரைத்தார். சிறைத்துறை அனுப்பியது மாசசூசெட்ஸின் டெவன்ஸ் சிறை மருத்துவ மையத்துக்கு. எந்தச் சிறை என்பதில் நீதிபதி பரிந்துரைக்கத்தான் முடியும்.

அடுத்த மாதமே, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் தொடர்ந்த சிவில் வழக்கில் இன்னொரு நீதிபதி 9.28 கோடி டாலர் தண்டம் விதித்தார். மூன்றையும் கூட்டினால் 15.66 கோடி.

வழக்கு நடந்தபோது பல செய்திகளில் வந்த எண் ஞாபகம் இருக்கிறதா? 205 ஆண்டு! ஒன்பது பங்கு மோசடிக் குற்றத்துக்கு 20 வீதம், ஐந்து சதிக் குற்றத்துக்கு 5 வீதம் கூட்டிப் போட்ட கணக்கு அது. காகிதத்தில் சரி. நடப்பில் அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

ஒரே வட்டம், வேறு வேறு விலை

கேலியன் வழக்கின் உண்மையான பாடம் ராஜின் 11 ஆண்டில் இல்லை, அவரைச் சுற்றி இருந்தவர்களுக்குக் கிடைத்ததில் இருக்கிறது. மெக்கின்ஸியின் அனில் குமாரும் இன்டெலின் ராஜீவ் கோயலும் ராஜுடன் வார்ட்டனில் படித்த நண்பர்கள். அவருக்குத் தகவல் கொடுத்தவர்கள். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நம் ஊர் மொழியில் அப்ரூவர் ஆகி, கூண்டில் ஏறிப் பழைய நண்பருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். அரசு அவர்களுக்காகத் தனி மனுப் போட்டது: ‘கணிசமான ஒத்துழைப்பு அளித்தார்கள்.’ அந்த மனு வந்துவிட்டால் அட்டவணை சொல்வதற்கு வெகு கீழே நீதிபதி போகலாம். இருவருக்கும் ஒரு நாள்கூடச் சிறை இல்லை.

┌─────────────
பெட்டிச் செய்தி: யாருக்கு என்ன?

• ராஜ் ராஜரத்தினம்: விசாரணை கேட்டார். 11 ஆண்டு.
• ரஜத் குப்தா: விசாரணை கேட்டார். 2 ஆண்டு.
• ரெங்கன் ராஜரத்தினம்: விசாரணை கேட்டார். விடுதலை.
• டேனியல் கியேசி: குற்றத்தை ஒப்புக்கொண்டார், அப்ரூவர் ஆகவில்லை. 30 மாதம்.
• ராபர்ட் மொஃபட் (ஐ.பி.எம்.): ஒப்புக்கொண்டார். 6 மாதம்.
• அனில் குமார், ராஜீவ் கோயல்: ஒப்புக்கொண்டு சாட்சி சொன்னார்கள். சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும்.
└─────────────

இந்த விலைப்பட்டியல் எல்லாருக்கும் தெரிந்திருப்பதால்தான் விசாரணை அரிதாகிவிட்டது. 2018இல் ஃபெடரல் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். விசாரணை வரை போனவர்கள் 2 சதவீதம். சுமார் 90 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். விசாரணைக்குப் போய் விடுதலை பெற்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஜூரியைக் கேட்பது அரசியல் சட்ட உரிமை; கேட்டுத் தோற்றால் அட்டவணையில் மேல்படி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இதை ‘விசாரணை வரி’ என்கிறார்கள். அரசுத் தரப்போ, தவறை ஒப்புக்கொள்பவருக்குத் தரும் சலுகை என்கிறது. உள்ளே போகிறவருக்கு இரண்டும் ஒரே மாதக் கணக்கு.

அட்டவணையோடு மோதிய நீதிபதி

ரஜத் குப்தா வழக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 2012 ஜூன் 15 அன்று ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. தண்டனைக்கு முன் நீதிபதி ஜெட் ரேகாஃபுக்கு வந்து குவிந்த கடிதங்கள் நானூறுக்கு மேல். பில் கேட்ஸ் எழுதினார், கோஃபி அன்னான் எழுதினார். சிறைக்குப் பதில் ருவாண்டாவுக்குப் போய்ச் சேவை செய்கிறேன் என்ற யோசனையையும் எதிர்த்தரப்பு வைத்தது.

ரேகாஃப் போட்ட கணக்கு 28 புள்ளி, அதாவது 78 முதல் 97 மாதம். போட்ட கையோடு அந்தக் கணக்கையே உரித்துவைத்தார். 28இல் 18 புள்ளி, கேலியன் சம்பாதித்த பணத்துக்கு வந்தவை. குப்தாவின் கைக்கு அந்த வர்த்தகத்திலிருந்து ஒரு டாலர்கூட வரவில்லை. அவர் செய்த உண்மையான குற்றமான நம்பிக்கைத் துரோகத்துக்கு அட்டவணை கொடுத்ததோ வெறும் 2 புள்ளி. இயந்திரக் கணக்கால் ஒரு மனிதனை எடைபோட முடியாது என்று எழுதி, 2 ஆண்டு சிறையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார். ருவாண்டா யோசனையை ஏற்கவில்லை. நல்ல வாழ்க்கை வாழ்ந்தவர் என்பதைச் சொல்லிவிட்டு, அதனால் சிறையே வேண்டாம் என்று ஆகிவிடாது என்றார். பிறகு கோல்ட்மேன் செலவழித்த வக்கீல் கட்டணத்துக்காக 62 லட்சம் டாலர் இழப்பீடும் சேர்ந்தது.

கேட்ஸின் கடிதம் எத்தனை மாதத்தைக் குறைத்தது? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு கடிதத்துக்கு வழியே இல்லாதவர்கள் அதே நீதிமன்றத்தில் தினமும் நிற்கிறார்கள். அவர்களுக்காக அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் கையால் எழுதிய கடிதங்கள்தான் கோப்பில் இருக்கும். அட்டவணையைக் கண்டுபிடித்தவர்கள் அஞ்சியது இந்த ஏற்றத்தாழ்வைத்தான் என்பதையும் ரேகாஃபை மெச்சும்போது சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிறைவாசலில் இருந்து மேல்முறையீடு

தண்டனை அறிவித்தவுடன் நீதிபதி மேல்முறையீட்டு உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டும். மேல்முறையீடு போட்டதால் மட்டும் சிறை தள்ளிப்போகாது. தீர்ப்பையே மாற்றக்கூடிய வலுவான சட்டக் கேள்வி இருக்கிறது என்று காட்டினால்தான் ஜாமீன். ராஜரத்தினத்துக்கு அது கிடைக்கவில்லை. 2011 டிசம்பர் 5 அன்று டெவன்ஸில் சரணடைந்தார். குப்தாவுக்குக் கிடைத்தது, மேல்முறையீடு தோற்ற பிறகு, 2014 ஜூன் 17 அன்று அவரும் உள்ளே போனார். அதே டெவன்ஸுக்கு.

ராஜின் மேல்முறையீடு முக்கியமாக ஒட்டுக்கேட்பைக் குறிவைத்தது. ஒட்டுக்கேட்க அனுமதி கேட்டபோது, பங்குச் சந்தை ஆணையம் சாதாரண வழிகளில் ஏற்கெனவே விரிவாக விசாரித்து வந்ததை எஃப்.பி.ஐ. நீதிபதியிடம் சொல்லவில்லை. ஹால்வெல்லே அந்த மறைப்பைக் கடுமையாக விமர்சித்திருந்தார், பதிவுகளை மட்டும் ஒதுக்கவில்லை. ராஜுக்காக வாதாடியவர் பட்ரீஷியா மில்லெட். பின்னாளில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி ஆனவர். 2013 ஜூன் 24 அன்று இரண்டாவது சர்க்யூட் நீதிமன்றம், அது வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ செய்த மறைப்பு இல்லை என்று கூறித் தண்டனையை உறுதி செய்தது. 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

அதே ஆண்டு டிசம்பரில் ஒரு திருப்பம். நியூமன் என்ற வேறொரு வழக்கில் அதே இரண்டாவது சர்க்யூட், தகவல் கொடுத்தவருக்குக் கைமேல் பலன் கிடைத்ததைக் காட்ட வேண்டும் என்று சொல்லி இரண்டு ஹெட்ஜ் ஃபண்ட்காரர்களின் தண்டனையை ரத்து செய்தது. ராஜ், குப்தா இருவருமே அதைப் பிடித்துக்கொண்டு, தண்டனையைச் செல்லாததாக்கக் கோரும் தனி மனுக்களைப் போட்டார்கள். இறுதித் தீர்ப்புக்குப் பின் வரும் இந்த மனுவின் வாசல் மிகக் குறுகலானது; முன்பே எழுப்பாத வாதத்தைப் புதிதாகக் கொண்டுவர அனுமதி கிடைப்பது அபூர்வம். இருவரும் தோற்றார்கள். நியூமன் தீர்ப்பின் முக்கியப் பகுதியையே 2016இல் சல்மான் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஃபெடரல் அமைப்பில் பரோல் கிடையாது, 1987இலேயே எடுத்துவிட்டார்கள். நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் வரை கழியும், அவ்வளவுதான். ஆக, ராஜரத்தினத்தின் கணக்கு கிட்டத்தட்ட ஒன்பதரை ஆண்டில் நிற்க வேண்டும். அதை மாற்றியது எந்த நீதிபதியும் இல்லை, நாடாளுமன்றம். 2018 டிசம்பரில் வந்த ‘முதல் படி’ சட்டம், 60 வயது தாண்டி, வன்முறைக் குற்றம் செய்யாமல், தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கை முடித்தவர்களை வீட்டுக்காவலுக்கு மாற்ற இடம் தந்தது. 11 ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு என்பது ஏழு ஆண்டு நான்கு மாதம். 2019 கோடையில், 62 வயதில், ராஜரத்தினம் டெவன்ஸைவிட்டு வெளியே வந்தார். இரண்டு ஆண்டு கழித்து வெளியிட்ட புத்தகத்தில் தன் மீதான வழக்கே அநீதி என்று வாதிட்டார். 2011 அக்டோபர் 13 அன்று நீதிபதி கேட்டபோது சொல்லாமல் விட்டதை, மேல்முறையீடு எதுவும் மிச்சமில்லாத காலத்தில் அச்சில் சொன்னார்.